அமானிதம் யார் கையில்?

கடல் கடந்து பொருள் தேடப் போனவர்கள் நிறைந்த நம் ஊர்களில் ‘அமானிதம்’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறியவர்கள் வீட்டுப் பத்திரத்தையும் நகைப் பெட்டியையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்து விட்டுப் போனார்கள். பெற்றுக் கொண்டவர் அதைத் தம் சொந்தப் பொருளாக ஆள முடியாது. ‘என் வீட்டில் இடம் போதவில்லை’ என்று சொல்லி முன்பின் அறியாத ஒருவரிடம் தள்ளி விடவும் முடியாது. கேட்கும் நாளில், கேட்பவர் ஒப்படைத்தவராயினும் சரி, அவருடைய பிள்ளையாயினும் சரி, வைத்தது வைத்தபடி திருப்பித் தந்தாக வேண்டும். நூலகம் என்பதும் ஏறத்தாழ இத்தகைய ஏற்பாடாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அங்கே கேட்டு வருபவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம் என்பது ஒன்றே வேறுபாடு.

கடந்த 30 ஆண்டுகளில் உலகெங்கும் பல்கலைக் கழகங்களின் விஞ்ஞான நூலகங்களில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்து முடிந்து விட்டது. தபாலில் வந்து, அடுக்கப்பட்டு, ஆண்டிறுதியில் தோலட்டை போட்டுக் கட்டப்பட்டு அலமாரியேறிய ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் இன்று பெரும்பாலும் கணிப்பொறித் திரையில் மட்டுமே வருகின்றன. இதை வசதியின் கதையாகச் சொல்வோர் பலர். காகிதத்தின் மணத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவோர் சிலர். இந்த இரண்டு பேச்சிலும் அடங்காத ஒரு கேள்வி இதனுள் இருக்கிறது. அது பாதுகாக்கும் கடமையைப் பற்றிய கேள்வி. ஒழுக்கவியலைச் சேர்ந்த கேள்வி. அதைத்தான் ஈண்டு எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் சஞ்சிகை என்பது எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போம். 1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் ‘ஜூர்னால் தே சாவான்’ வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதற்கு முன்பு ஓர் அறிஞர் தாம் கண்டதை மற்றோர் அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். ஒருவருக்குச் சென்ற கடிதம் அச்சேறிப் பலருக்குச் சென்றபோது சஞ்சிகை பிறந்தது. யார் முதலில் கண்டார் என்னும் வழக்குக்கு அதுவே சாட்சியாயிற்று.

ஆனால் எவரும் திட்டமிடாத மற்றொரு நன்மையும் அதனால் விளைந்தது. சந்தா கட்டிய ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு பிரதி சேர்ந்தது. லண்டனில் தீப்பிடித்தாலும் எடின்பரோவில் ஒன்று இருக்கும். ஐரோப்பாவில் போர் மூண்டாலும் பாஸ்டனில் ஒன்று இருக்கும். பாதுகாப்பு என்பது வாணிபத்தோடு தானாகவே ஒட்டிக் கொண்டு வந்தது. கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றி அல் குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய நூலை எண்ணிப் பாருங்கள். அதன் அரபு மூலம் இன்று இல்லை. லத்தீனில் எவரோ பெயர்த்து வைத்ததால் அந்த நூலின் கருத்து நமக்குக் கிடைத்திருக்கிறது. மூலம் அழிந்தும் மொழிபெயர்ப்பு பிழைத்தது ஒரு தற்செயல். அச்சு அந்தத் தற்செயலை வழக்கமாக மாற்றியது.

அப்படியானால் அச்சை ஏன் கைவிட்டார்கள்? விலையும் இடமும் என்று சுருக்கமாகச் சொல்லி விடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விஞ்ஞானம் பெருகியது, சஞ்சிகைகளும் பெருகின. அறிஞர் கழகங்கள் நடத்தி வந்த இதழ்களோடு வாணிபப் பதிப்பகங்களின் இதழ்களும் சேர்ந்தன. ராபர்ட் மாக்ஸ்வெல்லின் பெர்கமன் பதிப்பகம் இந்த வழியில் வளர்ந்து, 1991இல் டச்சு நிறுவனமாகிய எல்செவியரின் கைக்கு மாறியது. நூலகத்துக்கு வேறு வழியில்லை என்பதைப் பதிப்பகத்தார் கண்டு கொண்டார்கள். மூளை ஆராய்ச்சிக்கு ஓர் இதழ் தேவையென்றால் அதற்குப் பதிலாக மற்றோர் இதழை வாங்கிச் சரிக்கட்ட முடியாதல்லவா? ‘பிரெயின் ரிசர்ச்’ என்னும் ஒரே இதழின் ஆண்டுச் சந்தா இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே 20,000 டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் கட்டுரை எழுதிய விஞ்ஞானிக்குப் பதிப்பகம் ஊதியம் தருவதில்லை. அதைப் படித்துச் சரிபார்க்கும் சக விஞ்ஞானிக்கும் வழக்கமாகத் தருவதில்லை. நெல்லைக் கொடுத்தவரும் நாமே, குத்திப் புடைத்தவரும் நாமே, அரிசிக்கு விலை கொடுப்பவரும் நாமே என்பது போன்ற விசித்திரமான சந்தை இது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே கடந்து செல்வோம்.

இடத்தின் கதையும் சுவையானது. 1990களின் தொடக்கத்தில் வில்லியம் போவன் என்னும் பொருளியல் அறிஞர், தாம் அறங்காவலராக இருந்த டெனிசன் என்னும் அமெரிக்கக் கல்லூரியின் நூலகம் புதுக் கட்டடம் கேட்டதைக் கண்டார். பழைய சஞ்சிகைகளை வைக்க இடமில்லை என்பது அதற்குக் காரணம். இதே தொகுதிகளை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கட்டடம் கட்டிக் காப்பானேன் என்று அவர் சிந்தித்தார். மெல்லன் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்த அவருடைய முயற்சியில், பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றும் ஜேஸ்டோர் உருவாகி, 1995இல் தனி நிறுவனமாயிற்று.

மற்றவை விரைவாக நடந்தன. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியல் அறிஞர் லாஸ் அலமாஸ் ஆய்வுக் கூடத்தில் ஒரு கணிப்பொறியை வைத்துக் கொண்டு, அச்சேறுமுன்பே கட்டுரைகளைப் பரிமாறும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதுவே இன்றைய ‘ஆர்க்கைவ்’. 1995இல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழக நூலகத்தின் ஹைவயர் பிரஸ், உயிர் வேதியியலின் தலையாய இதழ்களுள் ஒன்றை மின்வழியே வெளியிட்டது. 1997இல் எல்செவியரின் ‘சயின்ஸ் டைரக்ட்’ வந்தது. 1998இல் பிலடெல்பியாவிலுள்ள டிரெக்செல் பல்கலைக் கழக நூலகம், இயன்ற விரைவில் அச்சுச் சஞ்சிகைகளை விட்டு மின்னிதழ்களுக்கு மாறி விடுவதென முடிவு செய்தது. அன்று அது துணிச்சலாகப் பேசப்பட்டது. இன்று வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

மாற்றத்தால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. இதழ் கட்டுக்குப் போயிருக்கிறது, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்ற பதில் ஒழிந்தது. யாரோ ஒரு மாணவர் பிளேடால் அறுத்துச் சென்ற பக்கத்துக்காக மற்றொரு மாணவர் தவித்த காலம் ஒழிந்தது. பார்வை குன்றியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். பார்வையற்றவர் கணிப்பொறியைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். தலைநகரத்து நூலகத்துக்கு ரயிலேறிப் போய், அலமாரிக்கு அலமாரி அலைந்து குறிப்பெடுத்துத் திரும்பிய ஆராய்ச்சி மாணவர், அதே வேலையைத் தம் ஊரிலிருந்தே ஒரு பிற்பகலில் முடித்து விடுகிறார். காகிதமும் அமரத்துவம் பெற்றதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மரக்கூழால் செய்யப்பட்ட தாள்களில் அமிலம் ஊறி, தொட்டால் நொறுங்கும் தொகுதிகள் உலக நூலகங்களில் எண்ணற்றவை உண்டு.

புரட்டிக் கொண்டே போகையில் தேடாதது கண்ணில் படும் இன்பம் போய் விட்டதே என்று வருந்துவோர் உண்டு. 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் சமூகவியலார், பழைய இதழ்கள் திரைக்கு வர வர விஞ்ஞானிகள் புதிய கட்டுரைகளையே, அதுவும் குறைந்த எண்ணிக்கையிலான கட்டுரைகளையே மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எழுதினார். அடுத்த ஆண்டே கனடா நாட்டு ஆய்வாளர்கள் வேறு கணக்கைக் காட்டி, மேற்கோள்கள் குவியவில்லை, பரவவே செய்கின்றன என்று மறுத்தார்கள். வழக்கு அந்த அளவில் நிற்கட்டும். பழக்கம் மாறியதால் வரும் லாப நட்டம் அது. காலம் சரி செய்து கொள்ளும்.

காலம் சரி செய்ய முடியாத ஒன்று உண்டு. முன்பு விற்பனை நடந்த இடத்தில் இன்று அனுமதி நடக்கிறது.

1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. பாப்ஸ் மெரில் என்னும் பதிப்பகத்தார் தம் நாவலின் உள்ளே, ஒரு டாலருக்குக் குறைவாக இதை விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். நியூயார்க்கின் பெரிய கடையொன்று அதை 89 காசுக்கு விற்றது. பதிப்பகத்தார் வழக்காடித் தோற்றார்கள். ஒரு பிரதியை விற்ற பின் அந்தப் பிரதியின் மீது விற்றவரின் ஆட்சி முடிந்து விடுகிறது என்பதே தீர்ப்பின் சாரம். நூலகம் என்னும் நிறுவனமே இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறது. வாங்கியவன் இரவல் தரலாம், நன்கொடையாகத் தரலாம், பேரப்பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். சந்தாவை நிறுத்தினால் நாளைய இதழ் வராதே தவிர, நேற்றைய இதழை எடுத்துச் செல்லப் பதிப்பகத்தாரின் ஆள் வண்டியோடு வாசலில் வந்து நிற்பதில்லை.

மின்னிதழுக்கு நூலகம் செலுத்துவது விலையன்று; ஓர் ஒப்பந்தக் காலத்துக்குப் பார்க்கும் உரிமைக்கான கட்டணம். இதழ் இருப்பது பதிப்பகத்தாரின் கணிப்பொறியில். மற்றொரு நூலகத்துக்கு இரவல் தரலாமா, எந்த முறையில் தரலாம், வெளியாள் வந்து படிக்கலாமா என்பதெல்லாம் சட்டத்தைப் பார்த்தல்ல, ஒப்பந்தத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகின்றன. விழிப்புள்ள நூலகத்தார், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களை ஒப்பந்தம் முடிந்த பின்னும் பார்க்கும் உரிமையை எழுதி வாங்கிக் கொள்கிறார்கள். 2019 பிப்ரவரியில் பத்து வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் எல்செவியருடன் பேச்சை முறித்துக் கொண்டது; ஜூலையில் புதிய கட்டுரைகளுக்கான வழி அடைக்கப்பட்டது. பழையவற்றுள் மிகப் பெரும் பகுதி அப்பல்கலைக் கழகத்துக்குத் தொடர்ந்து திறந்திருந்தது, முன்பே எழுதி வாங்கியிருந்ததால். 2021 மார்ச்சில் புதிய உடன்பாடு ஏற்படும் வரை அது தாக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் கவனியுங்கள்: எழுதி வாங்கிய உரிமையும் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமையே. பெட்டி அவர் வீட்டில், சாவியும் அவரிடமே.

பெட்டி எவர் வீட்டில் இருந்தால் என்ன, பொருள் பத்திரமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு விடையாக 2001இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘ஹியூமன் இம்யூனாலஜி’ என்பது நோய்த் தடுப்பு இயல் பற்றிய சஞ்சிகை. எல்செவியர் வெளியீடு. அதன் 2001 செப்டம்பர் இதழில் பாலஸ்தீன மக்களின் மரபணுத் தோற்றம் பற்றி ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் அர்னைஸ் வில்லேனாவும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. பாலஸ்தீனரும் யூதரும் மரபணு வகையில் நெருங்கிய உறவினர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. கட்டுரையின் வரலாற்றுப் பகுதியில் அரசியல் சார்ந்த சொற்கள் இருந்தன. அவற்றை ஆட்சேபித்துக் கடிதங்கள் வந்தன. இதழின் பொறுப்பாளர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். பின்னர், ஒரே ஒரு மரபணுப் பகுதியை வைத்துக் கொண்டு இத்தகைய முடிவுகளுக்கு வர முடியாது என்று மரபியல் அறிஞர்கள் சிலர் அதன் ஆய்வு முறையையும் குறை கூறினார்கள். அந்த விவாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆய்வு தவறாயின் தவறு என்று அடுத்த இதழில் எழுதுவதே விஞ்ஞானத்தின் மரபு. தவறான கட்டுரையும், அதைத் தவறென்று காட்டிய கட்டுரையும் அருகருகே இருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. இணையத்திலிருந்து அந்தக் கட்டுரை அகற்றப்பட்டது. அச்சுப் பிரதிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டு விட்டன. ஆகவே சந்தாதாரர்களுக்கும் நூலகங்களுக்கும் கடிதம் சென்றது: அந்தப் பக்கங்களைப் பொருட்படுத்த வேண்டாம், அல்லது அவற்றை இதழிலிருந்து நீக்கி விடுங்கள்.

இந்தக் கடிதத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் தகும். ஒரே கட்டுரையின் இரு வடிவங்கள். தம் கணிப்பொறியில் இருந்ததை நீக்கப் பதிப்பகத்தார் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அலமாரியில் இருந்ததை நீக்கவோ அவர்கள் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதினால் மறுக்கலாம். நூலகர் ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்து விட்டு, ‘எங்கள் நூலகத்தின் தொகுதியிலிருந்து பக்கத்தைக் கிழிக்க எனக்கு அதிகாரமில்லை’ என்று ஒதுக்கி வைத்தால் அதோடு விஷயம் முடிந்தது. அந்த மறுப்புக்கு வீரம் தேவையில்லை. மேசை இழுப்பறை ஒன்று போதும். அச்சுக் காலத்தில் ஒரு கட்டுரையை உலகிலிருந்து மறைய வைக்க ஆயிரம் நூலகர்களின் சம்மதம் தேவைப்பட்டது. ஆயிரம் பேரும் ஒரே நாளில் கோழைகளாக மாட்டார்கள் என்னும் நம்பிக்கையில் நம் அறிவுச் செல்வம் பாதுகாப்பாக இருந்தது. அதுபோன்ற நீக்கங்கள் வேறு பலவும் நிகழ்ந்திருப்பது தெரிய வந்து, நூலகத்தார் கண்டனம் எழுப்பிய பின், 2003இல் எல்செவியர் தன் விதிகளைத் திருத்திக் கொண்டது. திருத்தியது நல்லதே. ஆயினும் விதியைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே செய்தி சொல்லி விடுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு அண்டை நாட்டில் நடந்தது. ஏழை நாடுகளின் மருத்துவர்களுக்கு ஆராய்ச்சி இதழ்களை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ திறந்து விடும் ‘ஹினாரி’ என்னும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களின் ஒத்துழைப்போடு 2002இல் தொடங்கியது. மெச்சத் தக்க திட்டம். வங்காள தேசத்தின் மருத்துவக் கல்லூரிகளும் ஆய்வுக் கூடங்களும் அதனால் பயன் பெற்றன. 2011 ஜனவரியில் அந்நாட்டுக்கு ஒரு செய்தி வந்தது: சில பெரும் பதிப்பகங்கள் விலகிக் கொள்கின்றன; 2,500க்கு மேற்பட்ட இதழ்கள் இனிக் கிடைக்கா. அந்நாட்டில் தங்கள் வாணிபம் வளரத் தொடங்கியிருப்பதே காரணம் என்று கூறப்பட்டது. மருத்துவ உலகம் கொதித்தெழுந்தது. ‘லான்செட்’ இதழே தன் பதிப்பகத்தாருக்கு எதிராக எழுதியது. இதழ்கள் மீண்டும் திறக்கப்பட்டன. கதை சுபமாகவே முடிந்தது என்று வைத்துக் கொள்வோம். தர்மமாகக் கொடுத்ததைக் கொடுத்தவர் நிறுத்திக் கொள்ளலாம். அதற்கு எவரும் வழக்காட முடியாது. ஆனால் நேற்று வரை கொடுத்ததையும் சேர்த்தே எடுத்துக் கொள்ளக் கூடிய தர்மம் உலகில் இதற்கு முன் இருந்ததில்லை. அச்சு இதழ்களை ஒன்பது ஆண்டு நன்கொடையாகக் கொடுத்திருந்தால், பத்தாம் ஆண்டு நிறுத்திய பின்னும் டாக்கா நகரத்து அலமாரியில் ஒன்பது ஆண்டு இதழ்கள் நின்றிருக்கும்.

சரி, நூலகத்தார் என்ன செய்திருக்க வேண்டும்? அச்சுப் பிரதிகளை ஒன்று விடாமல் சுமந்து கொண்டிருக்க வேண்டுமா? நாம் அப்படிக் கருதவில்லை. பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டைப் பாருங்கள். பல்கலைக் கழக நூலகங்கள் ஒன்று சேர்ந்து, அருகிப் பயன்படும் அச்சு இதழ்களுள் எவை எங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்தன. பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்று, வேறு இரு நூலகங்களில் ஒவ்வொன்று என மூன்று பிரதிகள் இருப்பது உறுதியான பிறகே எஞ்சியவற்றைக் கழிக்கலாம் என்பது விதி. இவ்வாறு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அலமாரி இடம் விடுவிக்கப்பட்டது. இதில் குறை காண ஒன்றுமில்லை. அமானிதத்தை மூவர் கூடிப் பேசி ஒருவர் வீட்டில் வைப்பது வேறு. அடுத்தவர் வைத்திருப்பார் என்று எண்ணிக் கொண்டு மூவரும் குப்பையில் போடுவது வேறு. இரண்டாவது வகை நடந்ததே இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க நூலகங்கள் நுண்படச் சுருளை நம்பிப் பழைய செய்தித்தாள் தொகுதிகளைக் கழித்துக் கட்டிய கதையை நிக்கல்சன் பேக்கர் 2001இல் ‘டபிள் போல்டு’ என்னும் நூலில் எழுதினார். அவர் சினம் சில இடங்களில் அளவு மீறியது என்றே நமக்குப் படுகிறது. ஆனால் சுருளில் மங்கிப் போன பக்கத்துக்கு மூலம் தேடினால் மூலம் இல்லை என்ற அவருடைய குற்றச்சாட்டு அளவு மீறியதன்று.

மின்னிதழுக்கும் பழைய அச்சு முறையின் குணத்தை ஊட்ட முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. 1999இல் ஸ்டான்போர்டு நூலகத்தைச் சேர்ந்த விக்கி ரைக், டேவிட் ரோசென்தால் ஆகிய இருவரும் ‘லாக்ஸ்’ என்னும் முறையைத் தொடங்கினார்கள். பிரதி பலவாயின் பொருள் பத்திரம் என்பதே அதன் பெயருக்குள் பொதிந்த கருத்து. ஒவ்வொரு நூலகமும் எளிய கணிப்பொறி ஒன்றைத் தன்னிடத்தில் வைத்துக் கொண்டு, தான் சந்தா கட்டும் இதழ்களைப் பதிப்பகத்தாரின் அனுமதியோடு அதில் சேர்த்து வைக்கிறது. பல ஊர்களிலுள்ள இந்தக் கணிப்பொறிகள் அவ்வப்போது ஒன்றோடொன்று பேசித் தத்தம் பிரதிகளை ஒப்பு நோக்குகின்றன. ஒன்றின் பிரதி சிதைந்திருந்தால் மற்றவை வைத்திருக்கும் பிரதியைக் கொண்டு அது செப்பனிடப்படுகிறது. ஓத வந்த பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் ஒப்பிக்க மற்றவர்கள் திருத்துவதைக் கண்டவர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். 2005இல் போர்ட்டிகோ, அடுத்த ஆண்டில் கிளாக்ஸ் என வேறு காப்பகங்களும் வந்தன. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பற்றிய ‘கிராப்ட்’ என்னும் இதழ் நின்று போய், பதிப்பகத்தாரும் அதைக் கைவிட்டபோது, 2008இல் இந்தக் காப்பகங்கள் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டன. மூன்று தொகுதிகளே கொண்ட சிறிய இதழ்தான். ஒப்படைத்த பொருள் திரும்பி வந்தது என்பதற்கு அது போதும்.

ஆயினும் எல்லா இதழ்களும் இந்தக் காப்பகங்களுக்குள் வந்து விடவில்லை. மிக்கேல் லாக்ஸோ முதலிய மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000க்கும் 2019க்கும் இடையே எவரும் இலவசமாகப் படிக்கத் தக்கவையாக இருந்த 170க்கு மேற்பட்ட ஆராய்ச்சி இதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்து விட்டன. இவற்றை மறைத்தது பேராசையன்று. அறிஞர் கழகமோ பல்கலைக் கழகத் துறையோ ஆர்வத்தோடு தொடங்கி நடத்தியவை பல. நடத்தியவர் ஓய்வு பெற்றார், கணிப்பொறி நின்றது, கதை முடிந்தது. 2024இல் லண்டன் பர்க்பெக் கல்லூரியின் மார்ட்டின் ஈவ் 70 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ 28 விழுக்காடு, அதாவது 20 லட்சம், எந்தப் பெரிய காப்பகத்திலும் காணப்படவில்லை என்று அறிவித்தார். அவை இன்று அழிந்து விட்டன என்பது இதன் பொருளன்று. அவற்றை வெளியிடுவோர் கைவிட்டால் கேட்பாரில்லை என்பதே பொருள்.

இவ்விடத்தில் நூலகர் ஒருவர் எழுந்து நியாயமான கேள்வியொன்றைக் கேட்கலாம். ‘என் முன்னால் நிற்கும் மாணவிக்கு இன்று இதழ் வேண்டும். என்னிடமுள்ள பணம் அதற்கே போதவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து வரப் போகும் எவருக்காகவோ அதில் ஒரு பங்கை எடுத்து வைத்தால், அது இவளுக்குச் செய்யும் அநீதியல்லவா?’

இதை எளிதாகத் தள்ளி விட முடியாது. பசித்தவன் முன் நிற்கையில் விதைநெல்லைக் கோட்டையில் கட்டி வைப்பது எப்படி நியாயம் என்ற பழைய கேள்விதான் இது. ஆனால் இன்றைய மாணவி படிக்கும் இதழில் முக்கால் பங்கு நேற்றையவர்கள் விட்டுச் சென்ற அறிவின் மேல் நிற்கிறது. அவர்களும் அன்றைய பசிக்கே எல்லாவற்றையும் செலவிட்டிருந்தால் இவள் தேடி வர ஒன்றும் இருந்திராது. அச்சுக் காலத்தில் இந்தத் தர்மசங்கடம் எழவில்லை. இன்றைக்கு வாங்கியதே நாளைக்கும் இருந்தது. இன்று இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து விட்டன. வாசிப்பதற்கு ஒரு செலவு, வைத்திருப்பதற்கு மற்றொரு செலவு. தானாக நடந்து வந்த கடமையை இனி எண்ணித் துணிந்து செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்ய வேண்டிய கடமைகளே முதலில் கைவிடப்படுகின்றன என்பதை வீட்டுக் கணக்கு எழுதுகிற எவரும் அறிவர்.

பதிப்பகத்தாரே காத்துக் கொள்வாரே, அவருக்கும் அது முதலல்லவா என்பாருண்டு. லாபம் தரும் வரையில் காப்பார், அதில் ஐயமில்லை. வணிகரைக் குறை சொல்ல வேண்டியதுமில்லை. நூலகம் மட்டுமே செய்யக் கூடிய வேலையை அவர் தலையில் வைத்து விட்டு, பின்னர் அவர் வணிகராக நடந்து கொண்டார் என்று வருந்துவதில்தான் பொருளில்லை.

இந்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், மத்திய மாநில அரசுகளைச் சேர்ந்த 6,300 கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்குத் திறக்கப்படுகின்றன. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் பயன் பெறுவர் என்பது அரசின் கணக்கு. சிற்றூர் அரசுக் கல்லூரியொன்றில் வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு, சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கும் அதே இதழ் அதே நாளில் கிடைக்கிறது என்பது சிறிய காரியமன்று. அச்சு அதை ஒரு நாளும் செய்திருக்காது. இந்தத் திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

வரவேற்கும்போதே ஒன்றைக் கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. எத்தனை இதழ், எத்தனை கல்லூரி, எத்தனை மாணவர் என்ற கணக்குகளோடு, 2028 ஜனவரி முதல் நாளன்று எந்த இதழின் எந்த ஆண்டுகள் இந்த மண்ணிலுள்ள கணிப்பொறிகளில், நம் நூலகத்தார் காவலில் இருக்கும் என்ற கணக்கும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அடுத்த ஒப்பந்தத்துக்காகப் பதிப்பகத்தாரோடு மேசையில் அமர்பவர்கள் விலையைப் பேசி முடித்து விட்டுப் பேனாவை மூடுமுன், பிரதியை எங்கே ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த வேளையில் அவர்களோடு ஒரு நூலகரும் அமர்ந்திருப்பது நல்லது.